கதவு எதால திறக்குது?
வாவிக்கரையிலிருந்து ஒரு மெட்ரொயிட் வரலாறு

1986 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஒரு வீடியோ விளையாட்டை வெளியிட்டது. பெயர் மெட்ரொயிட். திரை திறந்ததும் கறுத்த குகை ஒன்று, நடுவில் கவசம் போட்ட ஓர் ஆள். சுற்றிவர ஒருத்தரும் இல்லை. எங்கே போகவேணும் என்று சொல்ல ஓர் அம்புக்குறிகூட இல்லை. முந்தின வருஷம் வந்த சுப்பர் மாரியோ உலகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது: வலப்பக்கமா ஓடு. மெட்ரொயிட்டில் வலப்பக்கமா ஓடினால் கொஞ்சத் தூரத்தில் ஒரு சுவர் வரும். சுவருக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும், ஆனால் ஆள் நுழைய முடியாது. திரும்பி வந்து, தொடங்கின இடத்தையும் தாண்டி இடப்பக்கம் போனால் அங்கே ஒரு பொருள் கிடக்கும். அதை எடுத்தால் கவச ஆள் பந்து மாதிரிச் சுருண்டு உருளலாம். இப்ப அந்தப் பொந்துக்குள்ள போகலாம்.

முதல் இரண்டு நிமிஷத்திலேயே விளையாட்டு தன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறது. அடைபட்ட இடத்தை மனசில் குறித்துவை, வேறு பக்கம் போ, ஏதாவது கற்றுக்கொண்டு திரும்பி வா. இன்றைக்கு இந்த வகைக்கு உலகம் முழுக்க 'மெட்ரொய்ட்வேனியா' என்று பெயர். மெட்ரொயிட்டின் பாதியும் காசில்வேனியா என்ற இன்னொரு விளையாட்டின் பாதியும் ஒட்டின பெயர் அது. நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அவுஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்த ஹொலோ நைட்டை (2017) எங்கட வாசகர்களில் கனபேர் விளையாடியிருப்பீர்கள்.

நாங்கள் இங்கே எழுத வந்தது அந்த வகையின் முழு வரலாறு அல்ல. ஒரே ஒரு கேள்விதான்: இந்த விளையாட்டில் கதவு எதால திறக்குது? 1986இலிருந்து இன்றுவரை அந்தக் கேள்விக்கு மெட்ரொயிட் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அது தன்னோடு தானே சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. வாவிக்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சண்டை வேறு மாதிரிக் கேட்கிறது.

முதலில், இது ஏன் எங்கட கைக்கு இவ்வளவு பிந்தி வந்தது என்று சொல்லவேணும். ஜப்பானில் மெட்ரொயிட் வந்தது மஞ்சள் நிற டிஸ்க்கில். அந்த டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால் பழையதை அழித்து வேறு விளையாட்டை ஏற்றித் தருவார்கள். எங்கட ஊர் கொமியூனிகேஷன் கடையில் மெமரி கார்ட்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றின மாதிரித்தான். டிஸ்க்கில் எழுதலாம் என்பதால் விளையாடின இடத்தைச் சேமித்து வைக்கலாம். 1987இல் அமெரிக்காவுக்குப் போனபோது அது கசற் வடிவத்துக்கு மாறியது, சேமிக்கும் வசதி போய்விட்டது. பதிலுக்கு 24 எழுத்துக் கொண்ட ஒரு கடவுச்சொல். சைபரா ஓவா என்று விளங்காமல் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால் அத்தனை மணித்தியாலமும் போச்சு.

இலங்கை, இந்தியாப் பக்கம் வந்தவை இந்த இயந்திரத்தின் மலிவு நகல்கள். ஒரே கசற்றில் ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக மட்டையில் போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் முப்பது நாற்பதுதான், மிச்சம் அதே விளையாட்டுகளுக்கு வேறு பெயர். அந்தக் கசற்றுகளில் ஏறினவை பெரும்பாலும் சின்ன விளையாட்டுகள். தாங்கி ஓட்டுகிறது, வாத்துச் சுடுகிறது, கார் ஓட்டம். மெட்ரொயிட் மாதிரிப் பெரிய, மணித்தியாலக் கணக்கில் நீளும் ஒன்றுக்கு அங்கே இடமில்லை. அப்படியே இருந்திருந்தாலும் விளையாட நேரத்துக்குக் கரண்ட் வேணுமே.

நாங்கள் விளையாடினது அண்மையில்தான். கனடாவில் இருக்கும் ஒருத்தரின் மாமா பாவித்து முடித்த ஸ்விட்ச் ஒன்றை அனுப்பினார். பழைய மெட்ரொயிட்டும் புதிய மெட்ரொயிட்டும் அதில் ஓடும். ஐந்து பேர் மாறி மாறி, மாதக்கணக்கில். இதில் வாற கருத்துகள் ஐந்து பேருடையதும், சில இடத்தில் ஐந்து பேரும் ஒத்துப்போகவில்லை.

விளையாட்டைச் செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம். தயாரிப்பாளர் குன்பெய் யொக்கோய். 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்து, 1980இல் கேம் அண்ட் வொட்ச் என்ற கையடக்க விளையாட்டுப் பொறியைக் கொண்டுவந்தவர். பழசாகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத வழியில் பாவிக்கவேணும் என்பது அவருடைய கொள்கை. 1997இல் வீதி விபத்தில் இறந்துபோனார். இயக்கம் சதோரு ஒகாடா. பாத்திரங்களையும் உலகத்தையும் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் யொஷியோ சகமோட்டோ, பிறகு இந்தத் தொடரையே சுமந்துகொண்டு போனவர். ரிட்லி ஸ்கொட்டின் 'ஏலியன்' (1979) படம் தங்களைப் பாதித்தது என்று அவர்கள் மறைக்கவில்லை. விளையாட்டில் ஒரு பெரிய எதிரியின் பெயரே ரிட்லி.

ஆனால் எங்களை முதலில் பிடித்தது இசை. ஹிரோகாசு தனாகா என்பவர் அமைத்தது. அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கெல்லாம் துள்ளல் மெட்டுப் போடுவதுதான் வழக்கம், பிள்ளைகள் வாயில் முணுமுணுக்கவேணும். தனாகாவுக்கு அது சலித்துவிட்டது. இசை எது, சத்தம் எது என்று பிரிக்கமுடியாமல் இருக்கவேணும், ஏதோ உயிருள்ள ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கவேணும் என்று நினைத்தார். குகையின் ஆழத்தில் போகப்போக மெட்டே இல்லை. துடிப்பு, இழுவை, இடைக்கிடை ஒரு சொட்டு. வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டு கடைசி எதிரியை வென்ற பிறகுதான் வரும். வென்றவருக்கு மட்டும் அந்த ஆறுதல் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்.

மட்டக்களப்பு ஆட்களுக்கு இது புதுசில்லை. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே வள்ளத்தை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். பாடுமீன். மாவட்டத்தின் சின்னமே அதுதான். ஆங்கிலேய அரசின் கொலனியல் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848 செப்டெம்பரில் இங்கே வந்து, இரவு வள்ளத்தில் போய், அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வாற சத்தத்தோடு ஒப்பிட்டார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது அது கூடக் கேட்டதாம். மீனவர்களிடம் விசாரித்தபோது அவர்கள் மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்று சொன்னார்கள். எந்த உயிர் பாடுகிறது என்பது இன்றைக்கும் வாதம்தான். எங்களுக்கு முக்கியம் அது அல்ல. வாவியில் தொழில் செய்கிறவர் கண்ணால் மட்டும் வழி பார்ப்பதில்லை. எங்கே ஆழம், எங்கே சேறு, எங்கே கண்டல் வேர் என்பது துடுப்பில் படும் அதிர்விலும் தண்ணியின் மணத்திலும் தெரியும். தனாகாவின் இசையோடு குகைக்குள் போனபோது எங்கள் ஐந்து பேரில் ஒருத்தன், அவனுடைய அப்பா வாவி மீனவர், "இது இரவில வலை இழுக்கப் போற சத்தம் மச்சான்" என்றான். மற்ற நாலு பேருக்கும் அது வெறும் பயமாக இருந்தது.

1986 மெட்ரொயிட்டில் வரைபடம் கிடையாது. ஒரே மாதிரிக் குகைகள், ஒரே மாதிரிக் கற்கள், பிரதி எடுத்து ஒட்டின மாதிரிப் பாதைகள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் கட்டக் கொப்பியில் தாங்களே வரைந்துகொண்டு விளையாடினார்கள். செத்துத் திரும்ப வந்தால் எவ்வளவு சக்தி சேர்த்திருந்தாலும் 30 புள்ளியோடுதான் தொடங்கவேணும். எதிரிகளைக் கொன்று கொன்று அதை நிரப்புகிறது அலுப்பான வேலை. இதைச் சிலர் அந்தக் காலத்துக் கம்பீரம் என்று புகழ்வார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம், அது வெறும் மோசமான வடிவமைப்பு. ஆனால் வரைபடம் இல்லாதது வேறு கதை. கொப்பியில் வரைகிறபோது அந்த இடம் உடம்புக்குள் போய்விடுகிறது. ரோல் கொப்பிக் கடதாசி நாலைந்தை ஒட்டி நாங்கள் வரைந்த ஸீபஸ் கிரகத்தின் படம் இன்னும் சுவரில் இருக்கிறது.

அதை வரைந்துகொண்டிருக்கும்போதுதான் பேச்சு வாவிப் பக்கம் திரும்பியது. 50 கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீளும் இந்த வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. நடுவில் துறைகள். துறையில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் தட்டையான மிதவைக்கு எங்கட ஆட்கள் வைத்த பெயர் 'பாதை'. வெளியூர் ஆட்களுக்கு இது குழப்பமாக இருக்கும். "பாதை அக்கரையில நிக்குது" என்றால் இங்கே ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு, மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு. தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு எழுவான்கரைச் சனம் அப்படித்தான் போனது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, எழுவான்கரையின் நகரங்களும் பெருந்தெருவும் இராணுவத்திடம். செங்கலடிக் கறுத்தப்பாலம், வவுணதீவு, மண்முனைத்துறை, பட்டிருப்பு. இந்தப் பெயர்கள் எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு ஊர்ப் பெயர்கள் அல்ல, கதவுகள். எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன சாமானுக்கு மறிப்பார்கள், எந்த அடையாள அட்டைக்கு இறக்கி விசாரிப்பார்கள் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பற்றரி, எரிபொருள், மருந்து எல்லாம் எண்ணித்தான் போகும். அக்கரையில் பெரியம்மா இருந்தும் ஐந்து வருஷம் காணாதவர்கள் எங்கட குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

இங்கே நாங்கள் நிதானமாகப் பேசவேணும். மெட்ரொயிட் ஜப்பானில் வந்ததுக்கும் அமெரிக்காவுக்குப் போனதுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1987 ஜனவரி 28இல், மண்முனைத்துறைக்கு அக்கரையில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் ஊரவர்களும் விசேட அதிரடிப் படையால் கொல்லப்பட்டார்கள். அதையும் ஒரு விளையாட்டையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. சொல்ல வருவது சின்ன விஷயம். அடைபட்ட கதவு என்ற சொல்லைக் கேட்டதும் கியோட்டோவில் இருக்கும் வடிவமைப்பாளருக்கு வாற நினைப்பு வேறு, எங்கட வீட்டில் வாற நினைப்பு வேறு. மெட்ரொயிட்டில் கதவு அடைபட்டிருந்தால் அது உனக்காக அடைபட்டது, நீ பலசாலியானால் திறக்கும் என்று முன்கூட்டியே ஒரு வாக்குறுதி இருக்கிறது. வவுணதீவில் அப்படி ஒரு வாக்குறுதியும் இருக்கவில்லை. திறப்பு வேறு யாரிடமோ இருந்தது.

சரி, மெட்ரொயிட்டில் திறப்பு எது? 1986இல் பெரும்பாலும் ஆயுதம். சிவப்புக் கதவுக்கு ஐந்து ஏவுகணை அடிக்கவேணும். 1991இல் கேம் போய் என்ற கையடக்கப் பொறிக்கு வந்த இரண்டாவது பாகத்தில் இது இன்னும் அப்பட்டம். மெட்ரொயிட் என்கிற உயிரினம் ஆபத்தானது, அதன் சொந்தக் கிரகத்துக்கே போய் ஒன்றும் மிஞ்சாமல் அழித்துவிட்டு வா என்பதுதான் கட்டளை. திரையின் மூலையில் இன்னும் எத்தனை உயிர் மிச்சம் என்று ஓர் எண். குறிப்பிட்ட தொகையைக் கொன்றால் நிலம் அதிரும், வழியை மறித்த அமிலக் குளம் வற்றும், அடுத்த பகுதிக்கு இறங்கலாம். கொலைதான் திறப்பு. பிறகு வந்த பாகங்களில் சாம்பல் நிறக் கதவு என்று ஒன்று உண்டு, அறைக்குள் இருக்கும் எதிரியை அழித்தால் மட்டும் திறக்கும்.

இந்தச் சாம்பல் கதவில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. விளையாட்டுத்தானே என்று இரண்டு பேர். இல்லை, இந்த யோசனை எங்கே போய் முடியும் என்று இந்தக் கரைக்குத் தெரியும் என்று மற்றவர்கள். மேலே நாங்கள் சொன்ன கதவுகளெல்லாம் ஆமியும் இயக்கமும் போட்டவை. வேறு கதவுகளும் இருக்கின்றன. எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலை கோர்த்த மாதிரி மாறி மாறி வரும், ஆரையம்பதிக்கு அடுத்தது காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். எங்கட மொழியில் எங்கட பெயரால் நடந்தது அது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் இரத்தம் சிந்தியது, ஊர்களுக்கு நடுவில் கதவு விழுந்தது. இருபது நிமிஷம் நடந்தால் போகக்கூடிய ஊருக்குள் வருஷக்கணக்காகப் போகாத எங்கட ஆட்கள் உண்டு. உள்ளே இருப்பவன் இல்லாமல் போனால்தான் கதவு திறக்கும் என்று நினைத்தவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள்.

இரண்டாவது மெட்ரொயிட்டைச் செய்தவர்களுக்கும் அந்த எண் உறுத்தியிருக்கவேணும். ஏனென்றால் கடைசியில் ஒரு முட்டை பொரிக்கிறது. குஞ்சு, முதல் கண்ட உருவத்தைத் தாய் என்று நினைத்துப் பின்னால் வருகிறது. நாயகி சுடுவதில்லை. அதுக்குப் பிறகு கப்பலுக்குத் திரும்பும் வழியில் எதிரியே இல்லை. வழியில் சில இடங்களில் படிகத் தடுப்பு வரும், எந்த ஆயுதத்துக்கும் அசையாது, குஞ்சுதான் அதைத் தின்று வழி விடும். எல்லாரையும் அழிக்கச் சொல்லி அனுப்பின விளையாட்டு, விட்டுவைத்த ஓர் உயிரால் கதவைத் திறந்து முடிகிறது. 1991இல், அந்தச் சின்னத் திரையில், நிறம்கூட இல்லாமல்.

நாயகி என்று சொல்லிவிட்டோம். முதல் விளையாட்டின் கையேடு அந்தக் கவச ஆளை ஆணாகத்தான் எழுதியது. முடிவில் தலைக்கவசம் கழன்று சாமஸ் ஆரன் ஒரு பெண் என்று தெரிவதுதான் அதிர்ச்சி. இதைப் பெண்ணியப் புரட்சி என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்களோ அவ்வளவுக்குச் சாமஸின் உடை குறைகிறது, அதுதான் பரிசு. எங்கட குழுவில் இருக்கும் இரண்டு தோழிகளும் இதைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகவே முடிப்போம், கவசத்தோடேயே நிக்கட்டும் என்றார்கள்.

2002இல் இரண்டு விஷயம் நடந்தது. பெப்ரவரியில் இங்கே போர்நிறுத்த ஒப்பந்தம், துறைகளில் கெடுபிடி தளர்ந்தது. நவம்பரில் அமெரிக்காவில் மெட்ரொயிட் பிரைம் வந்தது. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் இருந்த ரெற்றோ ஸ்ரூடியோஸ் செய்தது. முதன்முறையாக மெட்ரொயிட் முப்பரிமாணத்தில், அதுவும் சாமஸின் கண்ணுக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. இது வெறும் சுடுகிற விளையாட்டாகப் போகப்போகுது என்று பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். வந்த பிறகு அடங்கிவிட்டார்கள். மழையில் அண்ணாந்து பார்த்தால் தலைக்கவசக் கண்ணாடியில் துளி விழும். கிட்டத்தில் ஏதாவது வெடித்தால் அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் கண்ணாடியில் சாமஸின் சொந்த முகம் தெரியும். வளிமண்டலம், சூழல் என்று விளையாட்டு விமர்சகர்கள் சொல்கிற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

பிரைமில் புதுத் திறப்பு வாசிப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் பார்வை மாறும், சுவரில் இருக்கும் எழுத்து, செத்துக் கிடக்கும் உயிர், எதிரியின் கணினி எல்லாவற்றையும் வாசிக்கலாம். அந்தக் கிரகத்தில் வாழ்ந்த சோஸோ என்ற பறவை இனம் எப்படி அழிந்தது, விண்கல்லோடு வந்த நஞ்சு எப்படி மண்ணில் ஊறியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். கதையை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வாசிக்காமல் சுட்டுக்கொண்டே போகிறவருக்கு அது கடைசிவரை வெறும் குகைதான். வாசிக்கிற வேலையில்தான் நாங்கள் மாதக்கணக்கில் கிடந்தோம்.

ஆனாலும் ஒரு நெருடல். வெளியிலிருந்து வாற ஒருத்தர், ஆயுதத்தோடு, செத்துப்போன நாகரிகத்தின் சுவரை வாசித்துத் தன் குறிப்பேட்டை நூறு வீதம் நிரப்புகிறார். ரெனன்ற்றும் அப்படித்தான் வந்தார். மாத்தளைக் கிளர்ச்சியை நசுக்கிச் சில கிழமைகளே ஆன நேரம் அவர் எங்கட வாவியில் நிலா வெளிச்சத்தில் ஒலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுதினது எங்களுக்கு உதவுகிறது, மேலே நாங்களே பாவித்திருக்கிறோம். ஊரி என்று சொன்ன மீனவர்களின் பெயரை அவர் எழுதவில்லை. சோஸோக்கள் உயிரோடு இருந்து, அவர்களே வந்து கதை சொன்னால் பிரைம் எப்படி இருந்திருக்கும்?

அதுக்குப் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, நாவலடி போனது. 2007 ஜூலையில் குடும்பிமலையை இராணுவம் பிடித்தது. 2014இல் ஜப்பான் அரசின் உதவியோடு மண்முனையில் பாலம் வந்தது, அந்தத் துறையில் பாதை நின்றுவிட்டது. எங்கட தலைமுறை படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் சும்மா போய் வரும். போனால் வழி தெரியாது, போனை எடுத்துப் பார்ப்போம். அக்கரைச் சொந்தக்காரர் ஊரின் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்று கையை நீட்ட எங்களில் நாலு பேருக்குத் தெரியவில்லை. ஸீபஸ் கிரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம்.

2021 ஒக்டோபரில் மெட்ரொயிட் ட்ரெட் வந்தது. சகமோட்டோவின் மனதில் பதினைந்து வருஷமாக இருந்த யோசனை, அந்தக் காலத்துப் பொறிக்குச் சக்தி காணாது என்று தள்ளிப்போய், ஸ்பெயின் நாட்டு மேர்க்குரிஸ்ரீம் நிறுவனத்தோடு சேர்ந்து முடித்தார். இதில் சில பகுதிகளில் ஈ.எம்.எம்.ஐ. என்ற ரோபோக்கள் ரோந்து போகும். எந்த ஆயுதமும் அதுகளில் ஏறாது. உன் காலடிச் சத்தத்தைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும், கண்டுவிட்டால் அந்தப் பகுதியின் கதவெல்லாம் பூட்டிவிடும், பிடித்தால் அனேகமாகச் சாவுதான். மூச்சை அடக்கி மூலையில் நிற்கவேணும். விளையாட்டாக ரசிக்கக்கூடிய பயம்தான், நாங்களும் கத்திக் கத்தி ரசித்தோம். அறைக்குள் வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் காசு குடுத்து வேணுமா மனே?" என்று கேட்டுவிட்டுப் போனா.

எங்களில் ஒருத்தி ட்ரெட்டை வேறு வழியில் நினைவு வைத்திருக்கிறாள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. அப்ப அவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள், அறைத் தோழியின் ஸ்விட்ச்சில் விளையாடத் தொடங்கியிருந்தாள். சேமிக்கும் அறைக்கு ஓடுவதா பற்றரி முடியுறதா என்று இரட்டைப் போட்டி. இந்த நாட்டில் விளையாடுகிறவருக்கு மட்டும் கிடைக்கிற கூடுதல் கஷ்டம், கையேட்டில் போடவில்லை.

ட்ரெட்டில் எங்களுக்கு ஏமாற்றம் தந்தது ரோபோக்களின் முடிவுதான். ஒளிந்து ஒளிந்து போய், கடைசியில் ஒரு பெரிய துவக்குக் கையில் கிடைக்கும், சுட்டு உடைப்போம், கதவு திறக்கும். பழையபடி சாம்பல் கதவு. முப்பது வருஷத்துக்கு முதல் ஒரு குஞ்சை விட்டுவைத்த தொடர், இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது என்பது எங்கள் ஐந்து பேரில் மூன்று பேரின் தீர்ப்பு.

1994ஐ வேண்டுமென்றே தாண்டி வந்தோம். அந்த வருஷம் வந்த சுப்பர் மெட்ரொயிட்தான் எங்களைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் உச்சம். தானாக நிரம்பும் வரைபடம் அதில்தான் வந்தது, எண்பத்தாறின் அலுப்பெல்லாம் போய்விட்டது, தனிமை மட்டும் மிஞ்சியது. ஆனால் நாங்கள் சொல்ல வந்தது ஒரு ஆழக் கிணறு மாதிரி அறையைப் பற்றி. உள்ளே விழுந்துவிட்டால் மேலே ஏற வழி இருக்காது. துளாவிப் பார்த்தால் எடுக்க ஒரு பொருளும் இல்லை, சுட ஓர் எதிரியும் இல்லை. மூன்று சின்னப் பச்சை மிருகங்கள் மட்டும் நிற்கும். அதுகள் ஒரு சுவரில் காலை உதைத்து எதிர்ச் சுவருக்குப் பாயும், அங்கிருந்து மற்றப் பக்கம், அப்படியே மேலே. பிறகு கீழே வந்து திரும்பவும் செய்து காட்டும். பார்த்துப் பார்த்துச் செய்தால் நாங்களும் ஏறலாம். அந்த வித்தையைச் செய்ய எந்தப் பொருளும் தேவையில்லை, தொடக்கத்திலிருந்தே சாமஸால் முடியும். தெரியாமல் இருந்தது மட்டும்தான். இன்னொரு இடத்தில் தீக்கோழி மாதிரி ஒரு பறவை ஓடிப் பாய்ந்து வேறொரு வித்தையைக் காட்டும். ஊரில் இருக்கிறவர் சொல்லித் தந்து வழி திறக்கிற இடங்கள் இவை.

கடைசியில் கிரகம் வெடிக்கப்போகிறது. கப்பலுக்கு ஓட மூன்று நிமிஷம். ஓடும் வழியில் ஓரிடத்தில் சுவரை உடைத்துப் பக்கத்து அறைக்குள் போனால் அந்த மூன்று மிருகங்களும் பறவையும் அடைபட்டு நிற்கும். சுவரை உடைத்துவிட்டால் தப்பி ஓடும். அதுக்குச் செலவாகும் வினாடிகளுக்கு விளையாட்டு ஒரு புள்ளியும் தராது, போகச் சொல்லி எங்கேயும் கேட்காது. வேகமாக முடிக்கும் போட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அமெரிக்காவில் அவர்கள் நன்கொடை சேர்க்கும் நிகழ்ச்சிகளில், மிருகங்களைக் காப்பாற்றுவதா விடுவதா என்று பார்வையாளர்கள் காசு கட்டி ஏலம் போட்டது பல முறை நடந்த கூத்து.

எங்களில் முதலில் முடித்தவன் அந்த அறையைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவதாக முடித்தவள் 40 வினாடி மிச்சம் இருக்கும்போது உள்ளே போனாள். மற்ற நாலு பேரும் "வா வா, நேரம் போகுது" என்று கத்தினோம். போய்ச் சுவரை உடைத்துவிட்டு வந்து கப்பலில் ஏறினாள். கிரகம் வெடிக்கும்போது நன்றாக உற்றுப் பார்த்தால், திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி அதிலிருந்து விலகிப் போகும்.